மொட்டையாக 'சின்டாக்ஸ் எரர்' என்றால் யாருக்குப் புரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சி மொழியில் சொந்தமாக ஒரு பார்சர், அதாவது உள்ளீட்டைப் படித்து அதன் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் நிரல், எழுதுவது பற்றி உங்கள் இணைப்பிதழில் வரும் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படிக்கிறேன். இந்த விஷயத்தைத் தமிழில் இவ்வளவு பொறுமையாக யாராவது எழுத மாட்டார்களா என்று நெடுநாள் ஏங்கியவன் நான், அதனால் முதலில் என் நன்றி. ஆனால் போன வாரப் பகுதியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, உட்கார்ந்து எழுதிவிட்டேன். உள்ளீட்டில் தப்பு இருந்தால் இப்போதைக்கு 'சின்டாக்ஸ் எரர்', அதாவது இலக்கணப் பிழை, என்று மட்டும் அச்சிட்டுவிட்டு நிரலை நிறுத்திவிடலாம், நல்ல பிழைச்செய்திகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். கடைசியில் சேர்ப்பது நடக்காத காரியம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிழை வந்த வரியை அப்படியே எடுத்துக் காட்ட வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது என்பது அந்த நேரத்தில் நிரலின் கையில் இருக்க வேண்டும். உள்ளீட்டிலிருந்து பிரித்தெடுக்கும் ஒவ்வொரு சொல்லையும் குறியையும் டோக்கன் என்கிறோம், தொடரில் நீங்கள் காட்டிய டோக்கன் அமைப்பில் இரண்டே விவரம்தான், வகை ஒன்று, மதிப்பு ஒன்று. ஒரு எண்ணைப் படித்தால் அது 42 என்பது மிஞ்சுகிறது, எந்த வரியில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பது அந்தக் கணமே தொலைந்துபோகிறது. அப்புறம் அந்த டோக்கன்களை வைத்துத்தான் உள்ளீட்டின் அமைப்பைக் காட்டும் மரத்தைக் கட்டப்போகிறீர்கள், மரத்தின் கணுக்களிலும் இடம் இருக்காது. அறிவிக்காத மாறியைப் பயன்படுத்துவது, எண்ணோடு சரத்தைக் கூட்டுவது மாதிரியான தப்புகளெல்லாம் பார்சர் தன் வேலையை முடித்து, மரத்தைச் சுற்றி வரும்போதுதான் தெரியவரும். அப்போது என்ன தப்பு என்று சொல்லலாம், எங்கே என்று சொல்ல வழியே இருக்காது. அன்றைக்கு இடத்தைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால் உள்ளீட்டை டோக்கன்களாக வெட்டும் லெக்சர், பார்சர், கணுவை உருவாக்கும் ஒவ்வொரு ஃபங்ஷன் என்று எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டிவரும். நான் அப்படி மூன்று வாரம் கைவைத்தவன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில், அளவுக் கருவிகளின் அமைப்புக் கோப்பைப் படிக்கும் பார்சரை எழுதியவன் நான்தான். பிழை வந்தால் வரி எண்ணை மட்டும் சொல்லும், அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் இரவுப் பணியில் இருந்தவர் 37ஆவது வரியில் ஒரு மேற்கோள்குறியை மூட மறந்துவிட்டார். அதற்குக் கீழே வேறு மேற்கோள்குறியே இல்லாததால் என் லெக்சர் மிச்சக் கோப்பு முழுவதையும் ஒரே சரமாக விழுங்கிவிட்டு, கடைசி வரியான 412இல் சின்டாக்ஸ் எரர் என்று சொல்லி நின்றுவிட்டது. 412இல் இருந்தது ஒரே ஒரு மூடும் அடைப்புக்குறி, அதில் எந்தத் தப்பும் இல்லை. மனிதர் அந்த வரியை அழித்து மறுபடி தட்டியிருக்கிறார், அதற்கு மேலே இருந்த வரிகளை மாற்றிப் பார்த்திருக்கிறார், விடியும்வரை இதே வேலை. காலையில் நான் போனபோது, "சார், நான் எதையோ கெடுத்துட்டேன் போல, மன்னிச்சிருங்க" என்றார். அவர் கெடுத்தது ஒரு மேற்கோள்குறி. இரவு முழுக்க அவரைத் தவறான இடத்தில் தேடவிட்டது என் நிரல், மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது என்று பார்ப்போம். சி மொழியில் இது பெரிய வித்தை இல்லை, ஐம்பது வரிக்குள் முடியும். கோப்பை எஃப்கெட்ஸ் என்ற ஃபங்ஷன் கொண்டு வரிவரியாகப் படிக்கும் முறையை விட்டுவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் பஃபர், அதாவது படித்ததை வைக்கும் நினைவக இடம், 256 பைட் என்று வைத்துக்கொண்டால், யாராவது 300 பைட் நீளத்துக்கு ஒரு வரி எழுதும்போது அது இரண்டு துண்டாக வரும், நீங்கள் இரண்டு வரி என்று எண்ணுவீர்கள், அதற்குக் கீழே உள்ள எல்லா வரி எண்ணும் ஒன்று கூடிப்போகும். முழுக் கோப்பையும் ஒரே பஃபரில் படித்து, கடைசியில் ஒரு பூஜ்ய பைட் போட்டு, வேலை முடியும்வரை அதை விடுவிக்காமல் வைத்திருங்கள். டோக்கனில் கூடுதலாக இரண்டு எண் போதும், பஃபரின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்கிறது, எத்தனை பைட் நீளம். நினைவக முகவரியைச் சுட்டும் பாயிண்டராக வைக்காமல் எண்ணாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளீடு வேறொரு நிரலிலிருந்து பைப் வழியாக வந்தால் அதன் மொத்த அளவு முன்கூட்டியே தெரியாது, பஃபரை ரீஅலாக் செய்து பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும், அப்போது நினைவகம் இடம் மாறினால் பழைய பாயிண்டர்கள் எல்லாம் செல்லாக்காசு. எண்கள் அப்படியே செல்லும்.

வரி எண்ணை டோக்கனில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பிழை வரும்போது பஃபரின் தொடக்கத்திலிருந்து அந்த இடம்வரை எத்தனை புதுவரிக் குறி இருக்கிறது என்று எண்ணி ஒன்று கூட்டினால் வரி எண் கிடைத்துவிடும். ஒரு தடவைதான் எண்ணப்போகிறோம், அதுவும் தப்பு வந்தால் மட்டும், வேகம் பற்றிய கவலையே தேவையில்லை. பிழை இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து முந்தைய புதுவரிக் குறியைப் பிடியுங்கள், முன்னோக்கி நடந்து அடுத்ததைப் பிடியுங்கள், இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் காட்ட வேண்டிய வரி. அதை இன்னொரு பஃபருக்கு நகலெடுக்கத் தேவையில்லை. சின்னதாக ஒரு பஃபரை வைத்துக்கொண்டு அளவு பார்க்காமல் நகலெடுக்கும் எஸ்டிஆர்காப்பியை அதில் செய்துதான் எத்தனையோ நிரல்கள் பிழைச்செய்தி சொல்லப் போன இடத்தில் தாங்களே விழுந்திருக்கின்றன. பிரிண்ட்எஃப்பில் சரத்துக்கு இத்தனை பைட் மட்டும் அச்சிடு என்று அளவு கொடுக்கும் வசதி இருக்கிறது, அந்த அளவை வெளியிலிருந்து தர ஒரு நட்சத்திரக் குறி போதும். அது இன்ட் என்ற முழு எண் வகையைத்தான் எதிர்பார்க்கும், 64 பிட் கணினியில் இரண்டு பாயிண்டர்களின் கழித்தல் அதைவிடப் பெரிய வகை, எனவே வகை மாற்றம் செய்ய மறக்கக் கூடாது.

வரியின் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் இருந்தால் வெட்டிவிடுங்கள். விண்டோஸில் எழுதிய கோப்பு என்றால் அது இருக்கும், வெட்டாமல் அச்சிட்டால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போய், அடுத்து அச்சிடுவது ஏற்கனவே அச்சிட்டதன் மேலேயே விழும், பார்ப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அப்புறம், முழுக் கோப்பும் ஒரே வரியாக இருக்கும் உள்ளீடுகளும் உண்டு. ஜேசன் என்ற தரவு வடிவத்தில் சுருக்கி எழுதிய கோப்பில் லட்சக்கணக்கான எழுத்துகள் ஒரே வரியில் கிடக்கும், அதை அப்படியே திரையில் கொட்டினால் உதவி உபத்திரவமாகிவிடும். பிழைக்கு முன்னும் பின்னும் முப்பது நாற்பது எழுத்து காட்டி, வெட்டிய பக்கத்தில் மூன்று புள்ளி வைத்தால் போதும்.

அடுத்தது கேரட் குறி, வரிக்குக் கீழே பிழை இருக்கும் இடத்தில் கூரை மாதிரி ஒன்று போடுகிறோமே, அது. இதற்கு எல்லோரும் முதலில் செய்வது, பிழை எத்தனையாவது பைட்டில் இருக்கிறதோ அத்தனை இடைவெளி அச்சிட்டுவிட்டுக் கேரட் போடுவது. வரியில் ஒரு டேப் வந்ததும் இது கெட்டுப்போகும், ஏனென்றால் டேப் ஒரு பைட்தான், ஆனால் திரையில் எட்டு இடம்வரை தாண்டும். இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. பிழை இடம்வரை அந்த வரியையே மறுபடி நடந்து, டேப் இருக்கும் இடத்தில் டேப், மற்ற எதுவாக இருந்தாலும் ஒரு இடைவெளி என்று அச்சிட்டுக்கொண்டே போனால், டேப் எத்தனை இடம் தாண்டினாலும் இரண்டு வரியும் ஒரே மாதிரி தாண்டும், கேரட் சரியான இடத்தில் வந்து நிற்கும்.

ஆனால் வரியில் தமிழ் இருந்தால்? உங்கள் வாசகர்கள் எழுதும் உள்ளீட்டில் தமிழ்ச் சரங்கள் வராமல் இருக்குமா? யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லைக் கண் மூன்று எழுத்தாகப் பார்க்கிறது, யூனிகோடு அதை ஐந்து குறியீடாகப் பார்க்கிறது, ஏனென்றால் மி என்பதில் மகரமும் இகரக் குறியும் தனித்தனி, ழ் என்பதில் ழகரமும் புள்ளியும் தனித்தனி, நம் பஃபரோ அதை 15 பைட்டாகப் பார்க்கிறது. பைட்டை எண்ணிக் கேரட் போட்டால் அது எங்கோ வலப்பக்கம் போய் அந்தரத்தில் நிற்கும். மேல் இரண்டு பிட் ஒன்று, பூஜ்யம் என்று இருக்கும் தொடர் பைட்டுகளை எண்ணாமல் விட்டால் 15 என்பது 5 ஆகும், இன்னும் 3 ஆகவில்லை. ஒரு எழுத்து திரையில் எத்தனை இடம் பிடிக்கும் என்று சொல்லும் டபிள்யூசிவிட்த் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் முழுத் தீர்வு இல்லை, யூனிகோடு அட்டவணையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகையில் இருக்கின்றன, இகரக் குறி இடம் பிடிக்கும் வகையில் இருக்கிறது, போதாததற்கு ஒவ்வொரு டெர்மினலும் தன் இஷ்டத்துக்கு எழுத்தை வரைகிறது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலில் இருக்கிறது, டொனால்ட் நூத் எழுதியது. அது கேரட்டே போடாது. பிழை இடம்வரை உள்ள பகுதியை ஒரு வரியில் அச்சிட்டு, அங்கேயே உடைத்து, மீதியை அடுத்த வரியில் தள்ளி அச்சிடும். வரி எங்கே முறிகிறதோ அதுதான் பிழை இருக்கும் இடம். எழுத்து எவ்வளவு அகலம் என்ற கேள்வியே எழாது, தமிழுக்கும் சரி, வேறு எந்த எழுத்துக்கும் சரி, பொருந்தும். இன்னொரு வழி, தப்பான சொல்லை வரிக்குள்ளேயே வேறு நிறத்தில் காட்டுவது. ஆனால் வெளியீடு திரைக்குப் போகிறதா கோப்புக்குப் போகிறதா என்று ஐஸ்ஏடிடிஒய் மூலம் கேட்டுவிட்டுத்தான் நிறக் குறியீடுகளை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பதிவுக் கோப்பெல்லாம் குப்பையாகும். எந்த வழியில் போனாலும் தப்பான சொல்லைச் செய்தியிலேயே மேற்கோளுக்குள் சொல்லிவிடுவது நல்லது, நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். தமிழோடு சேர்ந்த இன்னொரு விஷயமும் இருக்கிறது, ஒரு எழுத்து வெற்றிடமா என்று பார்க்கும் ஐஸ்ஸ்பேஸ் மாதிரியான ஃபங்ஷன்களுக்கு வெறும் கேர் வகையைக் கொடுக்காதீர்கள். பல கணினிகளில் அது குறியுள்ள வகை, தமிழ் பைட்டுகள் எல்லாம் 127க்கு மேலே, அதனால் அங்கே எதிர்ம எண்ணாகப் போய்ச் சேரும், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அன்சைன்ட் கேர் ஆக்கிக் கொடுத்தால் போதும்.

இடத்தைச் சரியாகக் காட்டுவது பாதி வேலைதான், எந்த இடத்தைக் காட்டுவது என்பதில்தான் நிஜமான யோசனை தேவைப்படுகிறது. பார்சர் திகைத்து நிற்கும் இடமும் மனிதர் தப்புச் செய்த இடமும் பல நேரம் வேறுவேறு. செமிகோலன் விட்டுப்போனால் பார்சருக்கு அது தெரிவது அடுத்த வரியின் முதல் சொல்லில். அந்த வரியைக் காட்டினால் படிப்பவர் குழம்புவார், முந்தைய டோக்கன் முடிந்த இடத்தைக் காட்டி இங்கே செமிகோலன் வேண்டும் என்றால் ஒரு நொடியில் புரியும். அதற்கு முந்தைய டோக்கனின் முடிவைப் பார்சர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், ஒரே ஒரு மாறி. திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பிழை கோப்பின் கடைசியில் வெடிக்கும், அங்கே காட்டிப் பயனில்லை, திறந்த இடத்தைக் காட்ட வேண்டும். பைத்தான் மொழியிலேயே 2021இல் வந்த 3.10 பதிப்பில்தான், இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று திறந்த இடத்தைச் சுட்டும் செய்தி வந்தது, அதற்கு முன்னால் எத்தனை பேர் சம்பந்தமில்லாத வரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். என் 37ஆவது வரிக் கதைக்கும் தீர்வு இதுதான். சரம் ஒரு வரியைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தேன், வரி முடிந்தும் மேற்கோள் மூடவில்லை என்றால் திறந்த இடத்தைக் காட்டி அங்கேயே நிறுத்தினேன்.

இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரைத் தானாக எழுதித் தரும் யாக், பைசன் மாதிரியான கருவிகள் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் கையால் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 'சின்டாக்ஸ் எரர்' என்று மொட்டையாகச் சொல்லும் பழக்கத்தை ஊர் முழுக்கப் பரப்பியதே அந்த வழிதான் என்று நான் நினைக்கிறேன். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய யாக், பிழை வந்தால் ஒய்ஒய்எரர் என்ற ஃபங்ஷனை அந்த இரண்டு வார்த்தைச் சரத்தோடு கூப்பிடும், அவ்வளவுதான். அது ஒரு தொடக்கம், மீதியை எழுதுபவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம், ஆனால் பெரும்பாலோர் பார்த்துக்கொள்ளவில்லை. பைசனில் இப்போது நிறைய வசதி இருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் ஒவ்வொரு டோக்கனுக்கும் தொடக்க வரி, தொடக்க இடம், முடிவு வரி, முடிவு இடம் என நான்கு எண் கிடைக்கும், 2020இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து செய்தியை முழுக்க நம் சொற்களிலேயே அமைக்கலாம். ஆனால் லெக்சரை எழுதித் தரும் ஃபிளெக்ஸ் என்ற கருவி, நாம் கேட்டுக்கொண்டால், வரி எண்ணை மட்டும்தான் தானாக எண்ணும், வரிக்குள் எந்த இடம் என்பதை நாம்தான் ஒவ்வொரு டோக்கனுக்கும் கூட்டிக்கொண்டு வர வேண்டும், மூல வரியைத் தேடி எடுத்து அச்சிடுவதும் நம் பொறுப்பு. ஆகக் கருவி இருந்தாலும் மேலே சொன்னதைத் தவிர்க்க முடியாது.

பெரிய கம்பைலர்களும் இதில் தாமதமாகத்தான் விழித்தன. ஜிசிசியின் முதல் வெளியீடு 1987இல். பிழை வந்த வரியையும் அதன் கீழே கேரட்டையும் தானாகவே காட்டும் வழக்கம் அதில் 2013இல் வந்த 4.8 பதிப்பில்தான் தொடங்கியது, 26 வருடம் கழித்து. அதற்குச் சில வருடம் முன்பே கிளாங் அப்படிக் காட்ட ஆரம்பித்திருந்தது. இவ்வளவு காலம் கோடிக்கணக்கான வரி எழுதியவர்கள் வரி எண்ணை மனசில் வைத்துக்கொண்டு எடிட்டருக்கும் டெர்மினலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக, இப்போது கற்கத் தொடங்குகிறவர்களும் அப்படி ஓட வேண்டும் என்று இல்லையே. வரி எண்ணையும் விட்டுவிட வேண்டாம். கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, வரி எண், முக்காற்புள்ளி, இடம், முக்காற்புள்ளி, செய்தி என்ற வடிவத்தில் எழுதினால் எடிட்டர்கள் அதைப் புரிந்துகொண்டு நேராக அந்த இடத்துக்குத் தாவும். ஜிசிசியை உருவாக்கிய ஜிஎன்யூ திட்டத்தின் வழிகாட்டுதலும் இதே வடிவத்தைத்தான் சொல்கிறது, வரி, இடம் இரண்டையும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்பது உட்பட. செய்தி, பிழைகளுக்கென்றே இருக்கும் தனி வெளியீடான ஸ்டாண்டர்ட் எரருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சொற்கள் பற்றி ஒன்று. டோக்கனுக்கு நிரலுக்குள் நாம் வைத்த உள்பெயரைப் பயனர் பார்க்கவே கூடாது. 'ஆர்பிரேஸ் எதிர்பார்க்கப்பட்டது' என்று வந்தால், அது மூடும் நெளிவு அடைப்புக்குறி என்பது எழுதியவருக்கு மட்டும் புரியும். 'அகலம் என்பதற்குப் பின் ஒரு எண் வர வேண்டும், இங்கே "நீளம்" என்ற சொல் இருக்கிறது' என்று, அவர் தட்டிய சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள். அதே நேரம் ரொம்ப ஊகிக்கவும் வேண்டாம், தவறான யோசனை சொல்லி அவரைத் திசைதிருப்புவதைவிட, தெரிந்ததை மட்டும் சொல்லி இடத்தைக் காட்டுவது மேல். ஒரு தப்புக்குப் பின்னால் பத்துப் பொய்ப் பிழைகள் வரிசைகட்டி வருவதையும் அடக்க வேண்டும், யாக்கில் ஒரு பிழைக்கு அப்புறம் மூன்று டோக்கன் சரியாகக் கடந்தால்தான் அடுத்த பிழையைச் சொல்லும், நல்ல விதி, கையால் எழுதும் பார்சரிலும் வைக்கலாம். தொடக்கநிலைப் பார்சருக்கு முதல் பிழையோடு நிறுத்திவிடுவதும் எனக்குச் சம்மதமே, அந்த ஒன்றை நன்றாகச் சொன்னால்.

தொடரில் சோதனைக் கோப்புகள் எல்லாம் சரியான உள்ளீடாகவே இருக்கின்றன. தப்பான உள்ளீடுகளுக்கும் ஒரு கோப்புறை வேண்டும், மூடாத மேற்கோள், மூடாத அடைப்பு, காலிக் கோப்பு, கடைசி வரியில் புதுவரிக் குறி இல்லாத கோப்பு, டேப்பில் தொடங்கும் வரி, தமிழ்ச் சரத்துக்குப் பின்னால் ஒரு தப்பு. ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய செய்தியை எழுதிவைத்து, நிரலை மாற்றும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால் செய்தி கெட்டுப்போவது உடனே தெரியும்.

தொடர் இன்னும் மூன்றாவது பகுதியைத் தாண்டவில்லை, மரம் கட்டும் பகுதி வரவில்லை, இப்போது மாற்றினால் யாருக்கும் சிரமம் இல்லை. அடுத்த வாரமே டோக்கன் அமைப்பில் தொடக்க இடம், நீளம் என்ற அந்த இரண்டு எண்ணையும் சேர்த்து, வரியை எடுத்துக் காட்டும் ஃபங்ஷனையும் கூடவே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடரைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகர்